அண்ணனுக்கு இடித்த எலுமிச்சைப் பொடி

டாக்டர் அண்ணனின் கணுக்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது, பிசைந்த மாவில் குத்தினது மாதிரி. அதற்கு முன் பத்து நாளாகக் காலையில் அவன் முகம் ஊதித்தான் இருந்தது. தாராவியில் தோல் கிடங்கில் அவனுக்கு உப்புத் தடவுகிற வேலை. உப்புத் தூசி பட்டு ஊதியிருக்கும் என்று நாங்களே சொல்லிக்கொண்டோம்.

"நெஃப்ரைட்டிஸ்" என்றார் (சிறுநீரகம் புண்பட்டு, நீர் வெளியே போகாமல் உடம்பில் தங்குவது). பம்பாயில் தமிழர்கள் நிறைந்த மாட்டுங்காவைச் சேர்ந்தவர், தமிழில்தான் பேசினார். "உப்பு கூடவே கூடாது. புரியறதா?"

அம்மா தலையாட்டினாள். என்ன சாப்பிடலாம் என்று அவர் சொல்லவில்லை. கேட்க எங்களுக்குத் தெரியவில்லை. அதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

உங்கள் வீட்டிலும் ஒருவருக்கு உப்பை நிறுத்தியிருந்தால் அந்த முதல் வாரம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அண்ணன் இரண்டு வாய் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளினான். எங்கள் பக்கத்தில் செத்தவர்களுக்குப் படைக்கிற சோற்றில்தான் உப்புப் போடமாட்டோம்.

"ஏட்டி, நான் இன்னும் போய்ச் சேரல. அதுக்குள்ள படையல் வைக்கியா?" என்றான்.

நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

பொடி என் யோசனை. எலுமிச்சம்பழத்தின் மஞ்சள் தோலை மட்டும் மெல்லிசாகச் சீவ வேண்டும். உள்ளே இருக்கிற வெள்ளை சேர்ந்தால் கசக்கும். மழைக்காலம், வெயில் இல்லை. சிகிடி (கரி அடுப்பு) அணைந்த பிறகு அந்தச் சூட்டில் தகரத் தட்டில் பரப்பி வைத்தேன். மூன்றாம் நாள் கையில் எடுத்தாலே நொறுங்கியது. தோல் இரண்டு பங்கு, வறுத்த மிளகு ஒரு பங்கு. இடித்துச் சலித்தேன். எங்கள் ஆட்கள் எலுமிச்சையை உப்பில்லாமல் காயவைத்ததே கிடையாது. பழக்கத்தில் அம்மா உப்புச் சாடியை நீட்டினாள். நான் தள்ளி வைத்தேன்.

கஞ்சியில் ஒரு சிட்டிகை போட்டுக் கொடுத்தேன். "நாக்கு முழிச்சிட்டுட்டி" என்றான். அன்று தட்டை வழித்துத் தின்றான்.

தினமும் காலையில் அவன் காலை அழுத்திவிட்டு எண்ணுவேன். முதலில் குழி நிரம்ப நாற்பது எண்ண வேண்டியிருந்தது. பிறகு பதினைந்து. பிறகு ஆறு. அவனே கேலி செய்தான். "டாக்டரம்மா, பாஸா பெயிலா?"

ஒரு நாள் மத்தியானம் சோற்றை இரண்டாம் முறை கேட்டு வாங்கினான். "இன்னைக்குத்தான் ஒம் பொடி பொடி மாதிரி இருக்கு" என்றான். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த வாரம் எண்ணிக்கை ஏறியது. பத்து, இருபது, முப்பத்தைந்து. படுத்தால் மூச்சு முட்டியது.

ஆஸ்பத்திரிக்குப் பொடி டப்பாவையும் கொண்டுபோனேன். அம்மா வீட்டில் இருந்தாள்.

"ஏம்மா, உப்பு எங்கேர்ந்து வர்றது?" என்று கேட்டார் டாக்டர்.

"உப்பே கிடையாது டாக்டரையா. நானே இடிச்ச பொடிதான்."

அவர் விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். டப்பாவை என் பக்கம் நீட்டினார். நானும் வைத்துப் பார்த்தேன்.

உப்பு.

"உங்களுக்கெல்லாம் எத்தனை தடவை சொல்றது? கேக்கவே மாட்டேள்" என்றார். அவர் சொன்னது ஒரே ஒரு தடவை.

வீட்டுக்கு வந்து அம்மா முன்னால் டப்பாவை வைத்தேன். அவள் மறைக்கவில்லை.

"ரெண்டு கல்லு பொடிச்சுப் போட்டேன். பொணத்துக்கு வைக்கித சோத்த எம் பிள்ளைக்கு எப்படிட்டி வைப்பேன்?"

"அவன் தேறிக்கிட்டு இருந்தாம்மா."

"ரெண்டு தடவ வாங்கித் தின்னானா இல்லியா? நீயே சொல்லு."

தின்றான். அந்த டப்பாவில் தினமும் ஒரு விரல் நான் தொட்டுப் பார்த்திருக்கலாம். இடித்த அன்று ருசி பார்த்ததோடு சரி. அம்மா மேல் எவ்வளவு கோபமோ, அவ்வளவு கோபம் என் மேலும் இருக்கிறது.

மழை விடுவதற்குள் அண்ணன் போய்விட்டான். அந்த உப்பினாலா என்று டாக்டரிடம் கேட்டேன். "அதனாலயும் இருக்கலாம். அது இல்லேன்னாலும் ஆயிருக்கலாம்" என்றார். இந்தப் பதிலை வைத்துக்கொண்டு ஒருத்தி எப்படித் தூங்குவாள்?

நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனால், என்ன சாப்பிடலாம் என்று டாக்டர் சொல்கிற வரைக்கும் அந்த மேஜையை விட்டு நகராதீர்கள். அடுப்படியில் நிற்கிறவளுக்கு மனசில் என்ன பயம் என்றும் கேளுங்கள். நாங்கள் யாரும் அம்மாவைக் கேட்கவில்லை.

பதினாறாம் நாள் அம்மா அவனுக்குப் பிடித்ததெல்லாம் சமைத்தாள். குழம்பு கொதிக்கும்போது நான் உப்புச் சாடியை எடுத்தேன். அவள் என் கையைப் பிடித்தாள்.

"இதுல போடக்கூடாதுட்டி."

"இப்பத்தான் தெரியுதோ?" என்றேன்.

கூடியிருந்தவர்கள் என்னை வைதார்கள். அம்மா வையவில்லை. இலையை விரித்து, உப்பில்லாத சோற்றைத் தன் கையாலேயே வைத்தாள்.

இப்போதும் காலையில் எழுந்ததும் என் கணுக்காலை அழுத்திப் பார்க்கிறேன். ஒன்று என்று சொல்வதற்குள் சதை மேலே வந்துவிடுகிறது. இருந்தாலும் நாற்பது வரை எண்ணிவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன்.