வோரு ஊரின் இரங்கல் ஜன்னல்

இரங்கல் அறிவிப்புத் தாளில் பென்சில் முனையால் தொட்டுத் தொட்டுப் பெயர்களை எண்ணினாள் வைகே. கீழே இரண்டு பெயர். மேலே இருப்பதோ ‘நினைவுகூர்கிறார்’.

“அழுறது ஒருத்தரா, ரெண்டு பேரா, பாதிரியாரே?”

“மகனும் மருமகளும்தாம்மா. வினை முன்னாடி வந்தா ஒருமையில போட்டாலும் தப்பில்லன்னு படிச்சவங்க சொல்றாங்க.”

“சொல்லுவாங்க. காலையில பேப்பரைப் பிரிச்சதும் அந்த மருமக, ‘அப்ப நான் அழவே இல்லையா’ன்னு என்னைத்தான வந்து கேப்பா?”

‘கள்’ சேர்த்த பிறகுதான் முத்திரை குத்தினாள்.

வோரு என்கிற அந்த ஊரின் வட்டாரப் பத்திரிகையில் இரங்கல் அறிவிப்பு வாங்கும் ஜன்னல் அவளுடையது. பதினாறு வயதில் அச்சுக்கூடம் பெருக்க வந்தவள். “எட்டாவதோட சரி. ஆனா என் கை படாம இந்த ஊர்ல ஒருத்தரும் மண்ணுக்குள்ள போனதில்ல” என்பாள். வெறும் பெருமையில்லை, ஆசிரியரே தலைப்பை அவளிடம் ஒருமுறை காட்டிவிட்டுத்தான் போடுவார். மதியத்துக்குக் கறுப்பு ரொட்டியும் உப்பு மீனும். பசியாறும்போதும் ஒரு கண் வாசலில்தான்.

ஒரு சாவுக்கு ஒரு குடும்பம் இரண்டு அறிவிப்புக் கட்டம் கேட்டால் விடமாட்டாள். கோர்ட்டில் வழக்காடுகிற அண்ணன் தம்பியைக்கூட ஒரே பெஞ்சில் உட்காரவைத்து, “சண்டை வீட்டோட. சாவுக்கு ஒரே கட்டம்” என்று சேர்த்துப் போட்டிருக்கிறாள்.

சனிக்கிழமை அவளுடைய தம்பி ஹெல்துர் இறந்துபோனான். ‘நினைவுகூர்கிறார்கள் லைனே, வைகே’ என்று அன்றே எழுதிவிட்டாள். அச்சுக்கு மட்டும் அனுப்பவில்லை. லைனே மூத்தவள். அம்மாவின் உருளைக்கிழங்கு நிலத்தில் தன் பங்கை வைகே வெளியூர்க்காரனுக்கு விற்றாள். அவன் வேலி போட்டான். அன்றிலிருந்து பதினோரு வருடமாக அக்கா பேசவில்லை. அக்காவின் சம்மதம் இல்லாமல் அந்தப் பெயரைப் போட வைகேவுக்கு மனம் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை லைனே வந்தாள். வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் தாளை நீட்டினாள். ‘நினைவுகூர்கிறார் லைனே.’

எல்லோரிடமும் கேட்பதை வைகே அவளிடமும் கேட்டாள். “வேற யார் பேராவது சேர்க்கணுமா, அக்கா?”

“இருக்காங்க. அவங்க தனியாப் போட்டுக்குவாங்க. நீங்க இதைப் போடுங்க.”

நீங்க. சின்ன வயதில் இவளைக் குளிப்பாட்டி, தலைவாரிவிட்ட அக்கா.

ஒரே கட்டம் என்று வைகே சொல்லவில்லை. முத்திரை குத்தி ரசீதைக் கிழித்துக் கொடுத்தாள். லைனே தலைமுக்காட்டை இறுக்கிக்கொண்டு படியிறங்கினாள்.

மேசை இழுப்பறையிலிருந்து வைகே தன் தாளை எடுத்தாள். அக்காவின் பெயர்மேல் ரப்பரை வைத்தாள். தேய்க்கவில்லை. அடுத்த ஆள் கண்ணாடியைத் தட்டும்வரை அப்படியே அழுத்திக்கொண்டிருந்தாள்.