லைன்மேன் யுவராஜின் சம்மதம்

"ஆமாங்க, இதோ கெளம்பிட்டேனுங்க" என்று பெரக்கரை நாட்டுக்காரர் ஒருவரிடம் சொன்ன வாய் மூடுவதற்குள், அடுத்த அழைப்பை எடுத்துக் குண்டனி நாட்டுக்காரரிடமும் அதையே சொல்கிறார் யுவராஜ். அவர் நிற்பதோ சோளக்காடு என்கிற மூன்றாவது ஊரில், ஒரு மின்கம்பத்தின் அடியில். ஒரே நேரத்தில் இரண்டு ஊருக்குப் போக முடியாது என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. கேட்டவர் மனம் கோணக்கூடாது, அவ்வளவுதான். போனைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டுக் கம்பத்தை நிமிர்ந்து பார்க்கிறார். அதற்குள் போன் மறுபடி அடிக்கிறது.

கொல்லிமலையில் நாடு என்றால் சில ஊர்கள் சேர்ந்த பகுதி; எந்த நாட்டில் கரண்டு போனாலும் எல்லோரும் கூப்பிடுவது இவரைத்தான். சொந்த ஊர் கீழே ராசிபுரம் பக்கம். நாற்பதைத் தொடப் போகிற வயது, ஒல்லி உடம்பு, எப்போதும் படிய வாரிய தலை. காற்றடித்தால் சில்வர் ஓக் கிளை முறிந்து கம்பியில் தொங்கும். ஐப்பசி மழையில் பலாமரமே சாய்ந்து கம்பத்தை இழுத்துக்கொண்டு போகும். ஊர்க்காரர்கள் போனில் அவரை வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். சொட்டச் சொட்ட நனைந்து அவர் வந்து நின்றதும் திட்டியவர்களே டீ வைத்துக் கொடுப்பார்கள். அவரும் வேண்டாமென்று சொல்லாமல் வீட்டுக்கு வீடு குடித்து, வயிற்றெரிச்சலுக்கு மாத்திரை போட்டுக்கொள்வார்.

நான் இதே மலையில் செம்மேட்டில் பள்ளிக்கூட ஆசிரியை. ஆமாம் சாமி போடுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருநாள் வேண்டுமென்றே, "யுவராஜ், இன்னைக்கு வெள்ளிக்கிழமைதானே?" என்று கேட்டேன். அன்று செவ்வாய். "ஆமாங்க டீச்சர்" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இல்லீங்களா?" என்றும் கேட்டார். அவர் பொய் சொல்கிறவர் அல்ல. கேட்கிறவர் முகத்தில் எந்தப் பதில் எழுதியிருக்கிறதோ அதைப் படித்துச் சொல்கிறவர். டீக்கடையில் எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் இரண்டு பேர் நடுவில் உட்கார்ந்து, இருவரிடமும் "நீங்க சொல்றதுதானுங்க சரி" என்று சொல்லிவிட்டு நிம்மதியாக வடை தின்பவர்.

வேலையில் ஓரிடத்தில் மட்டும் இந்தக் குழைவு நடக்காது. கம்பத்தில் ஏறும் முன்பு, மின்சாரத்தை நிறுத்திவிட்டோம் என்று துணை மின்நிலையத்தில் இருந்து உறுதி வாங்க வேண்டும். 'லைன் கிளியர்' என்பார்கள். போனில் அங்கிருப்பவர் "ம், ஆச்சு" என்றால் யுவராஜ் ஏற மாட்டார். "எந்த லைன்னு வாயத் தொறந்து சொல்லுங்க" என்பார். சொன்ன பிறகு இன்னொரு முறை சொல்லச் சொல்வார். அந்த நேரத்துக் குரலைக் கேட்டால் வேறு ஆள் என்று தோன்றும்.

இவருடைய மனைவி கோகிலா. மனைவியாக இருந்தவர் என்று சொல்ல வேண்டும், எனக்குத்தான் இன்னும் வாய் பழகவில்லை. அரசு சுகாதார நிலையத்தில் மருந்தாளுநர். வேலையை விட்டுவிடச் சொல் என்று யுவராஜின் அம்மா சாமியாத்தாள் கேட்டால் அவரிடமும் "ஆமாங்கம்மா", விட மாட்டேன் என்று கோகிலா சொன்னால் அவரிடமும் "ஆமா கோகிலா." இப்படியே ஒன்பது வருஷம். அந்த வீட்டில் ஒரு நாளும் சண்டை வந்ததில்லை, எதுவும் முடிவானதும் இல்லை. குடல்வால் வெடித்து நாமக்கல் ஆஸ்பத்திரியில் கோகிலாவை ஆபரேஷனுக்குக் கொண்டுபோன அன்று, "வந்துட்டே இருக்கேன்" என்று போனில் சொன்னார். அதே நேரம் குண்டனி நாட்டில் கோயில் திருவிழா. "திருவிழா முடியற வரைக்கும் லைட்டு நிக்கக் கூடாது, நீ போயிராத கண்ணு" என்று ஊர்ப் பெரியவர்கள் கேட்க, "போகலீங்க" என்று அவர்களிடமும் சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தது மறுநாள் காலை.

"அந்தாளு ஒரு நாளும் என்னைய வேண்டாம்னு சொன்னதில்லீங்க டீச்சர்" என்று கோகிலா என்னிடம் சொன்னார். "வேணும்னும் சொன்னதில்லீங்க. நான் கேட்டாத் தலைய ஆட்டுவாரு. பக்கத்தூட்டுக்காரி கேட்டாலும் அதே தலைதான ஆடும்?"

கோகிலா சுகாதார நிலையக் குவார்ட்டர்ஸுக்குப் போனார். யுவராஜ் மின்வாரிய அலுவலகத்துக்குப் பின்னால் ஓர் அறையில் தங்கிக்கொண்டார். ஒரு வருஷத்துக்கு மேல் இப்படித் தனித்தனியாக இருந்த பிறகு, இரண்டு பேரும் சேர்ந்தே நாமக்கல் கோர்ட்டில் மனுப் போட்டார்கள். ஒருவர் மேல் ஒருவர் குற்றம் சொல்ல வேண்டியதில்லை, சாட்சி தேட வேண்டியதில்லை; இரண்டு பேருக்கும் சம்மதம் என்றால் போதும் என்று வக்கீல் பிரேம் விளக்கினார். முதல் தடவை போய் மனுவைக் கொடுத்துச் சம்மதத்தைச் சொல்ல வேண்டும். பிறகு ஆறு மாதம் யோசிக்க விடுவார்கள். அதன் பின் மறுபடி இருவரும் போய் அதையே உறுதிப்படுத்த வேண்டும். இடையில் ஒருவர் மனம் மாறினாலும் மனு தள்ளுபடி. கேட்கச் சுலபமாகத்தான் இருந்தது. யுவராஜின் சம்மதத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதை மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

முதல் தடவை கோர்ட்டில் கவுன்சலிங் செய்யும் அம்மையார், "மறுபடி சேர்ந்து வாழலாமே?" என்று கனிவாகக் கேட்டார். "ஆமாங்க" என்றார் யுவராஜ். வக்கீல் பதறிப்போய், "பிரியறதுக்குத்தானே சம்மதம்னு மனுல கையெழுத்துப் போட்டிருக்கீங்க?" என்றார். "ஆமாங்க." அந்த அம்மையார் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். நீதிபதியாக இருந்த பெண்மணி மனுவை எடுத்துக்கொண்டார், ஆனால் கண்டிப்பாகச் சொன்னார்: "அடுத்த தடவை இவர் சொந்தமா யோசிச்சுச் சொல்லணும். இல்லேன்னா நான் உத்தரவு போட மாட்டேன்."

அந்த ஆறு மாதமும் கோகிலாவுக்குச் சோறு இறங்கவில்லை. எண்ணிக் கொடுத்த மாத்திரையை மறுபடி எண்ணினார். போன் அடித்தால் திடுக்கிட்டார். மலையில் பார்க்கிறவர்கள் எல்லாம் யுவராஜுக்குப் புத்தி சொன்னார்கள், எல்லோருக்கும் அவர் "ஆமாங்க" சொன்னார். சேர்ந்துவிடு என்றவருக்கும் அதுதான், விட்டுத் தொலை என்றவருக்கும் அதுதான். எனக்கு மரவள்ளிக் கிழங்கு கொண்டுவந்து தரும் பாப்பாயி இந்த மலைக்காரி. அவருக்கு இந்தக் கூத்தே விளங்கவில்லை. "எங்க பக்கம் ஊருல கூடிப் பேசி அத்து உட்டுருவாங்க டீச்சர். நீங்க கீழ்நாட்டுக்காரங்க என்னங்க, ஊறுகா மாதிரி ஆறு மாசம் ஊறப் போடறீங்க?" என்றார்.

யுவராஜும் சரியாக இல்லை. படிய வாரிய தலை கலைந்தே கிடந்தது. ஒரு சாயங்காலம் என் வீட்டு மீட்டரைப் பார்க்க வந்தவர், பார்த்து முடித்த பிறகும் வாசலிலேயே நின்றார்.

"டீச்சர், கோர்ட்டுல நான் என்னங்க சொல்லட்டும்?"

நாக்கு நுனி வரை பதில் வந்துவிட்டது. நான் சொன்னால் அதையே மனப்பாடமாக ஒப்பிப்பார், அது என் பதிலாகத்தான் இருக்கும். அடக்கிக்கொண்டேன். "என்னைக் கேக்காதீங்க யுவராஜ். உங்களைக் கேட்டுக்குங்க" என்றேன்.

"ஆமாங்க" என்றார். எனக்கு மீட்டரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

கோர்ட்டுக்கு முந்தின நாள் அவர் ராசிபுரத்தில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். அதைக் கேள்விப்பட்டதும் கோகிலா என் வீட்டுக்கு ஓடிவந்தார். அங்கே ஒரு ராத்திரி போதும், சாமியாத்தாள் அவரை மாற்றிவிடுவார். என் முன்னாலேயே கோகிலா யுவராஜுக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் சாமியாத்தாளின் குரல் எனக்கே கேட்டது: "சாமி, அவ கேக்கறான்னு நீ ஒத்துக்கிட்டு வந்துராத." அதற்கும் யுவராஜ் சொன்ன "ஆமாங்கம்மா" தெளிவாகக் கேட்டது.

"ஏனுங்க" என்றார் கோகிலா போனில். "நான் உங்ககிட்ட வேற ஒண்ணும் கேக்கலீங்க. கம்பத்துல ஏறுறதுக்கு முன்னால ஒரு வார்த்த வாங்குவீங்கல்ல, அந்த மாதிரி ஒரு வார்த்த சொல்லுங்க. எதுவா இருந்தாலும் சரி. உங்க வார்த்தையா இருக்கோணும்."

அந்தப் பக்கத்தில் இருந்து "ஆமாங்க" கூட வரவில்லை.

காலையில் முதல் பஸ்ஸில் நானும் கோகிலாவும் இறங்கினோம். வளைவுகளில் அவர் கைக்குட்டையைத் திருகிக்கொண்டே வந்தார். கோர்ட் வாசலில் யுவராஜ் எங்களுக்கு முன்பே வந்து வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். தலையைப் படிய வாரியிருந்தார். கண்கள் சிவந்திருந்தன. எங்களைப் பார்த்துத் தலையசைத்தார், கிட்டே வரவில்லை. அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

பெயர் கூப்பிட்டார்கள். நான் கதவோரம் நின்றுகொண்டேன்.

"யுவராஜ், நீங்களா விரும்பித்தான் பிரியறீங்களா?" என்று கேட்ட நீதிபதி, தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். யுவராஜ் வழக்கம்போல அவர் முகத்தைத் தேடினார். கிடைக்கவில்லை. வக்கீல் பிரேம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "அவர் சொல்லட்டும் சார்" என்று நிமிராமலே சொன்னார் நீதிபதி. யுவராஜ் கோகிலாவின் பக்கம் திரும்பினார். ஒரு கண்ணசைவு கிடைத்தால் அப்படியே சொல்லிவிடுவார். கோகிலா ஜன்னலைப் பார்த்தபடி அசையாமல் நின்றார். அந்த நேரத்தில் அப்படி நிற்க எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

"விருப்பம் இல்லீங்கம்மா" என்றார் யுவராஜ்.

கோகிலா கண்ணை மூடிக்கொண்டார். நீதிபதி நிமிர்ந்தார். "அப்ப மனுவை வாபஸ் வாங்கிக்கறீங்களா?"

இதற்கு யுவராஜ் என்ன சொல்வார் என்று மலையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

"இல்லீங்க" என்றார். கை, சட்டையின் கீழ்ப் பட்டனைத் திருகிக்கொண்டிருந்தது. "எனக்கு அவங்ககூட இருக்கோணும்னுதானுங்க ஆசை. ஒம்போது வருசத்துல அத ஒரு நாளும் நான் அவங்ககிட்டச் சொன்னதில்லீங்க. ஆஸ்பத்திரில கெடந்தாங்க, அப்பவும் போய்ச் சொல்லலீங்க. இப்ப அவங்க போறேங்கறாங்க. அது ஞாயமுங்க. நான் சம்மதிக்கறேனுங்க. இத யாரும் சொல்லிக் குடுக்கலீங்க. எங்கம்மா வேண்டாம்னுதான் சொன்னாங்க."

நீதிபதி அவரை நேராகப் பார்த்தார். "நாளைக்கு மாத்திப் பேச மாட்டீங்களே?"

"மாட்டேனுங்க."

உண்மையில் நான் பயந்தது அதற்குப் பிறகுதான். நீதிபதி கோகிலாவிடம் திரும்பினார். ஒன்பது வருஷம் காத்திருந்த வார்த்தை, வரக்கூடாத இடத்தில் இப்போதுதான் அவர் காதில் விழுந்திருக்கிறது. பதில் வர நேரமாயிற்று. வந்தபோது குரல் நூல் மாதிரி இருந்தது.

"சம்மதம்தானுங்கம்மா."

மனு அனுமதிக்கப்படுகிறது என்று நீதிபதி சொன்னார். வெளியே வந்ததும் வக்கீல் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். கோகிலா ஒரு தூணில் சாய்ந்து நின்று அழுதார். யுவராஜ் வேப்பமரத்தடியில் நின்று, அவர் அழுது முடிக்கும் வரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் வேலை இருந்ததால் மூன்று பேரும் மலையேறுகிற கடைசி பஸ்ஸுக்கே வந்து சேர்ந்தோம். சந்தைக் கூட்டம். எனக்கு டிரைவருக்குப் பின்னால் ஓர் இடம் கிடைத்தது. கோகிலா இரண்டு பேர் உட்காரும் சீட்டில் ஜன்னலோரம் இருந்தார். கடைசியாக ஏறிய யுவராஜுக்கு மிச்சமிருந்த ஒரே இடம் அவருக்குப் பக்கத்து இடம். கோகிலா சேலையை ஒதுக்கிக்கொண்டு கொஞ்சம் நகர்ந்தார்.

"அண்ணா, வளைவு வரப்போகுது. எடந்தான் இருக்குதில்லீங்க, உக்காருங்க" என்றார் கண்டக்டர்.

"வேண்டாமுங்க. நின்னுக்கறேன்" என்றார் யுவராஜ்.

மலையடியில் காரவள்ளி தாண்டி முதல் கொண்டை ஊசி வளைவில் பஸ் முக்கித் திரும்பியது. நின்றவர் உடம்பு அந்தக் காலி இடத்தின் பக்கம் சாய்ந்தது. இரண்டு கையாலும் மேல் கம்பியைப் பிடித்துத் தன்னை நிமிர்த்திக்கொண்டார்.