காணாமல் போன விமானமும் நான் ஏற்றிய பாவும்

எனக்குக் கோபமும் அதிகம், பயமும் அதிகம். கோபம் தெருவுக்கே தெரியும். பயம் என் வீட்டுக்காரி ஒருத்திக்குத்தான் தெரியும். அதுவும் கடலுக்கு மேல் போன அந்த விமானம் காணாமல் போன வருஷத்தில்தான் அவளுக்கே தெரிந்தது.

மகள் கல்யாணமாகிச் சிங்கப்பூரில் இருந்தாள். முதல் பிரசவம். முறைப்படி தாய் வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். ரத்தக்கொதிப்பு இருப்பதால் பயணமே கூடாது என்று அங்கே டாக்டர் சொல்லிவிட்டார். அவள் வர முடியாது என்றால் அம்மா போகவேண்டியதுதான். வீட்டுக்காரிக்கு பாஸ்போர்ட் வாங்கி டிக்கெட்டும் போட்டாயிற்று. என் பழைய வேட்டிகளைக் கிழித்துத் துவைத்து மடித்து வைத்தாள். வசம்பு, ஓமம், பிள்ளைபெற்றவளுக்கு மருந்துப்பொடி என்று பெட்டி நிறைந்துகொண்டே வந்தது. ஒரு மாதமாக அவளுக்கு வேறு நினைப்பே இல்லை.

அவள் கிளம்பப் பத்து நாள் இருக்கும்போது அந்தச் சேதி வந்தது. அத்தனை பேரோடு போன விமானம் எங்கே போனதென்றே தெரியவில்லை. விழுந்தது என்றும் சொல்லவில்லை, இறங்கியது என்றும் சொல்லவில்லை. தறிச் சத்தத்தில் காது கேட்காது என்று டிவியை உரக்க வைத்துக்கொண்டுதான் நாங்கள் நெய்வோம். அந்த வாரம் முழுக்க அதே செய்தி, அதே கடல் படம். என் கை நெய்ததே தவிர கண் அங்கேயேதான் இருந்தது.

பட்டுநூல் இழை அறுந்தால் முனையைத் தேடுவோம். மயிர் மாதிரி நூல், அதுவே எங்காவது தறி அச்சில் ஒட்டிக்கொண்டிருக்கும், கிடைத்துவிடும். இத்தனை பெரிய சாமான் முனைகூடக் கிடைக்காமல் எப்படிப் போகும்? எனக்கு இதுதான் புரியவே இல்லை.

டீக்கடையில் ஆளாளுக்கு ஒரு கதை கட்டினார்கள். ஏதோ தீவில் இறக்கி ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று ஒருவர் சத்தியம் செய்தார். விமானியே எடுத்துக்கொண்டு போய்விட்டான் என்றார் இன்னொருவர். கிளம்பிய நேரம் சரியில்லை என்று ஒருவர் பஞ்சாங்கம் பேசினார். எல்லாம் காதில் பூ சுற்றுகிற வேலை என்று தெரியும். ஆனாலும் ஒரு கிளாஸ் டீக்கு மூன்று கதை கேட்டுவிட்டுத்தான் வீடு திரும்புவேன். ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் மட்டும், வேலூர் ரோட்டில் பஸ்ஸில் போவதைவிட விமானத்தில் போவது பத்திரம் என்று பொறுமையாக விளக்கினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பஸ் கவுந்தா பஸ்ஸாவது கெடைக்கும் சார்" என்றேன்.

போகாதே என்று வீட்டுக்காரியிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆம்பிளை பயப்படுகிறேன் என்று எப்படிச் சொல்வது? அவளும் டிவியைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் பெட்டி கட்டுவதை நிறுத்தவில்லை.

நாங்கள் நெய்வது கோர்வைப் புடவை. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டையும் கோர்க்க ஒரே தறியில் இரண்டு பேர் உட்கார வேண்டும். நானும் அவளும்தான் உட்காருவோம். தறியில் இருந்த பாவு, அதாவது நீளவாக்கில் ஏற்றிய நூல், அவள் கிளம்புவதற்கு நாலு நாள் முன்பு முடியும்படி கணக்காக நெய்துவந்தோம். திரும்பி வரும்வரை தறி காலியாகக் கிடக்கட்டும் என்பது பேச்சு. பாவைப் பாதியில் விட்டு வெளியூர் போவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. துக்கத்துக்குப் போனால்கூட மறுநாளே திரும்பிவிடுவோம்.

கடைசிப் புடவையை அறுத்து எடுத்த மறுநாள், பயணம் சொல்லிவிட்டு வருகிறேன் என்று கண்ணமங்கலத்துக்குத் தன் அக்காள் வீட்டுக்குப் போனாள். அன்றைக்கே நான் பட்டு முதலாளியிடம் புதுப் பாவு வாங்கி வந்தேன். இழை பிணைக்கிறவர்களைக் கூப்பிட்டு, பழைய நூல் முனைகளோடு சாயங்காலத்துக்குள் பிணைத்து முடித்தேன். அவள் வந்து பார்த்தபோது தறியில் அரக்கு நிறப் பாவு இழுத்துக் கட்டியிருந்தது.

கல்யாணப் புடவை, அவசரம் என்றேன். அவள் அந்தப் பாவைக் கையால் ஒரு தடவை தடவினாள்.

"பயமா கீதுன்னா பயமா கீதுன்னு சொல்றதுதானே. இன்னாத்துக்கு பாவு மேல போடுறீங்க?"

கத்தினேன். தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். பொய் பிடிபட்டால் எனக்குக் குரல் ஏறும். அவள் பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு வந்து தறியில் உட்கார்ந்தாள். டிக்கெட்டை ஒரு மாதம் தள்ளிப் போட்டேன். அதற்குள் விமானம் கிடைத்துவிடும் என்று நம்பினேன்.

விமானம் கிடைக்கவில்லை. குழந்தை சொன்ன தேதிக்கு முன்னாடியே வந்துவிட்டது. மாப்பிள்ளை ஷிப்டுக்குப் போன நேரத்தில் மகளுக்கு வலி எடுத்திருக்கிறது. ஒண்டியாகக் கதவைப் பூட்டி, ஒண்டியாக லிப்டில் இறங்கி, டாக்ஸி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். பெண் குழந்தை, இரண்டு பேரும் நல்லபடியாக இருக்கிறார்கள் என்று மாப்பிள்ளை போனில் சொன்னதும் வீட்டுக்காரி தறிக்குழியிலேயே முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். ஆனால் அவள் பக்கத்தில் போக எனக்குத் தைரியம் வரவில்லை.

மூன்றாம் நாள் வீடியோவில் மகள் வந்தாள். முகம் வெளுத்திருந்தது. குழந்தையைக் காட்டினாள். அம்மா ஏன் வரவில்லை என்று அவள் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை. நானாகத்தான் ஆரம்பித்தேன். அத்தனை பேரோடு போனது இன்னும் அகப்படவில்லை, அதை நம்பி உன் அம்மாவை எப்படி ஏற்றி அனுப்புவது என்று நியாயம் பேசினேன். பேசப் பேச எனக்கே என் குரல் பிடிக்கவில்லை.

அவள் கோபப்படவில்லை. குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

"அப்போ நான் இவளைத் தூக்கிகினு எதுலப்பா ஊருக்கு வர்றது?"

போனை அவள் அம்மாவிடம் நீட்டினேன். வீட்டுக்காரி வாங்கவில்லை.

"நீங்களே சொல்லுங்க" என்றாள்.