நான் வாசித்துச் சொன்ன கடிதம்

மகளின் எடை பார்க்கும் புத்தகத்துக்குள் நான்காக மடித்த ஒரு கடிதம் இன்றும் இருக்கிறது. எங்கள் தோட்டத்துக்கு மாதம் ஒருமுறை வரும் மருத்துவிச்சி சிங்களத்தில் எழுதித் தந்தது. மகளுக்கு அப்போது மூன்றரை வயது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். பேச்சு வரவில்லை. லயத்து வரிசை வீடுகளில் எந்த வாசலில் செருப்பு கிடந்தாலும் அள்ளி வந்து சின்னதிலிருந்து பெரியதுவரை வரிசையாக அடுக்குவாள். யாராவது அதில் ஒன்றை மாட்டிக்கொண்டு போய்விட்டால் தலையைத் தரையில் முட்டிக்கொண்டு அழுவாள். மருத்துவிச்சி என்னைத் தனியே அழைத்து, இப்படியான பிள்ளைகளைப் பார்க்கிற டாக்டர் பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறார், தாமதிக்காமல் கொண்டுபோய்க் காட்டுங்கள் என்றார். அதையேதான் கடிதத்திலும் எழுதியிருந்தார்.

என் மாமியார் கரவனெல்லைப் பக்கத்திலுள்ள அந்த ரப்பர் தோட்டத்தில்தான் பால் வெட்டியவர். சிங்களம் சரளமாகப் பேசுவார், ஆனால் ஓர் எழுத்து வாசிக்கத் தெரியாது. என் கணவருக்கும் அப்படியே. அவர் கொழும்பில் ஒரு கடையில் வேலை, மாதம் ஒருமுறைதான் வருவார். வீட்டுக்கு வரும் கடிதமெல்லாம் என் கையில்தான். "எங்க வீட்டுப் புள்ள சிங்களம் வாசிக்கும்" என்று லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தவர் மாமியார். அந்தப் பெருமைதான் எனக்கு வினையாக முடிந்தது. அன்று வேலை முடிந்து வந்தவர் முகம்கூடக் கழுவாமல், "என்னா புள்ள எழுதியிருக்கு?" என்றார்.

"சத்து பத்தாதாம் அத்த. நல்லா சாப்பிடக் குடுக்கட்டுமாம்."

நாத்தனாருக்குக் குருவிட்ட என்ற ஊரில் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. அண்ணன் மகளுக்குப் பைத்தியமாம் என்று ஒரு வார்த்தை போனால் போதும், எல்லாம் கெட்டுவிடும் என்று பயந்தேன். அதைத்தான் காரணமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கல்யாணம் நல்லபடியாக முடிந்த பிறகும் நான் வாயைத் திறக்கவில்லை. உண்மையில் அந்த டாக்டர் என்ன சொல்வாரோ என்பதுதான் என் பயம்.

மாமியார் என் வார்த்தையை அப்படியே நம்பினார். மகள் வெறும் வெள்ளைச் சோறு மட்டுமே தின்பாள், அதில் ஒரு சொட்டுக் குழம்பு பட்டாலும் தட்டைத் தள்ளிவிடுவாள். மாமியாரோ மலையில் அலைந்து முருங்கைக்கீரை பறித்து வருவார், முட்டை அவிப்பார், நெத்தலி பொரிப்பார். எல்லாவற்றையும் சோற்றில் பிசைந்து, பிள்ளையை மடியில் இடுக்கி, தாடையைப் பிடித்து ஊட்டுவார். அவள் கத்துவாள், துப்புவாள், வாந்தி எடுப்பாள். "தின்னுடி தங்கம், தின்னாத்தானே பேச்சு வரும்" என்று கெஞ்சுவார். பிறகு தொடையில் ஓர் அடி விழும். அடித்துவிட்டு அவரே அழுவார். நான் அடுப்படியில் எதையாவது கழுவிக்கொண்டிருப்பேன். நிறுத்துங்கள் என்று சொல்ல எனக்குத் துடிக்கும். ஆனால் ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? மருத்துவிச்சி விசாரித்தபோது, வெளியில் ஒரு டாக்டரிடம் காட்டினோம், பள்ளிக்கூடம் போகும் வயதுவரை பொறுக்கச் சொன்னார் என்றேன். வீட்டில் ஒரு பொய், வெளியே ஒரு பொய். இரண்டுக்கும் நடுவில் ஏழு மாதம் ஓடிவிட்டது.

ஒருநாள் மாலை மாமியார் கிண்ணத்தோடு வந்து உட்கார்ந்தார். மகள் ஓடவில்லை, கத்தவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு, யாரும் தொடுவதற்கு முன்பே தன் தொடையில் தானே பளார் பளாரென்று அடித்துக்கொண்டாள். கழுவிக்கொண்டிருந்த சட்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து அவள் கையைப் பிடித்தேன். எல்லாவற்றையும் அந்த இடத்திலேயே மாமியாரிடம் கொட்டித் தீர்த்தேன். அவர் திட்டுவார், மகனுக்குப் போன் போட்டுச் சொல்வார் என்று நினைத்தேன். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுப் பிள்ளையின் தொடையைத் தடவிப் பார்த்தார்.

"அப்ப நான் எதுக்குப் புள்ள இவள அடிச்சேன்?" என்றார்.

மறுநாள் அவர் வேலைக்குப் போகவில்லை. காலையிலேயே மூவரும் பஸ் ஏறினோம். டாக்டர் மகளைப் பொறுமையாகப் பார்த்துவிட்டு, மருத்துவிச்சியின் கடிதத்திலிருந்த தேதியைக் கவனித்தார். ஏழு மாதமாக ஏன் வரவில்லை என்று என்னைத்தான் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் மாமியார் சிங்களத்தில் முந்திக்கொண்டார். "நான்தாங்க டாக்டர் போகவேணாம்னு தடுத்து வச்சேன். மருமக எத்தனையோ வாட்டி சொன்னா, நான் கேக்கல." டாக்டர் அவரை நன்றாகத் திட்டினார். உங்களைப் போன்றவர்களால்தான் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்றார். மாமியார் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். ஒவ்வொரு சொல்லும் விளங்கியும், நான் மகளின் தலைமுடியைக் கோதியபடி இருந்துவிட்டேன்.

மகளுக்கு இப்போது எட்டு வயது. பயிற்சிக்கு மாதந்தோறும் போகிறோம். தண்ணீர் கேட்கிறாள், அம்மா என்கிறாள். மாமியார் போன வருடம் காலமாகிவிட்டார். ஆஸ்பத்திரியில் மகளுடைய கோப்பைத் திறக்கும்போதெல்லாம் முதல் பக்கத்தில் டாக்டர் அன்று சிங்களத்தில் எழுதியது கண்ணில் படும்: தந்தையின் தாயார் தடுத்ததால் சிகிச்சை தாமதம். எங்கள் வீட்டில் அதை வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அது பொய் என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.