மரத்துப்போன மூன்று விரல்கள்

இதைச் சொன்னால் மருத்துவமனைச் சீட்டைக் காட்டு என்பார்கள். காட்டுவேன். தேதி, முத்திரை எல்லாம் இருக்கிறது. பட்டவள் நான்தான். கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை.

அப்போது ஓர் உலர்தாவரக் காப்பகத்தில் வேலை பார்த்தேன். காயவைத்த செடிகளைத் தாளில் ஒட்டி அலமாரிகளில் அடுக்கி வைத்திருக்கும் இடம். கிழிந்த பழைய தாள்களைச் சரிசெய்வது என் வேலை. பூச்சி அரிக்காமலிருக்க அந்தக் காலத்தில் அவற்றின்மேல் மெர்குரிக் குளோரைடைச் சாராயத்தில் கரைத்துப் பூசியிருந்தார்கள். பாதரச உப்பு. கொடிய விஷம். தாளின் ஓரத்தில் ‘விஷம்’ என்று சிவப்பு முத்திரையே இருக்கும்.

எங்கள் பொறுப்பாளரைக் கண்ணாடியக்கா என்போம். தினமும் அதையே சொல்வார்.

"கையுறை போடும்மா. பாக்க சாதா உப்பு மாதிரிதான் இருக்கும், வாசனையும் கிடையாது. தோல் வழியாவே உள்ள போயிடும். அலமாரியத் தொறந்தா ஃபேனப் போட்டுட்டு பத்து நிமிஷம் வெளிய நில்லு."

"சரிக்கா."

சொன்னதோடு சரி. தம்பி விபத்தில் போய் நான்கு மாதம் ஆகியிருந்தது. எனக்கு அழக்கூட வரவில்லை. கையுறை போட்டால் என்ன, போடாவிட்டால் என்ன என்றிருந்தேன். வாயில் எந்நேரமும் செம்புக்காசைச் சப்புவது போல ஒரு ருசி. ஈறில் ரத்தம். வலது கையில் மூன்று விரல்கள் மரத்துப்போயிருந்தன. துக்கம்தான் உடம்பைத் தின்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று புதன்கிழமை. அக்கா கூட்டத்துக்குப் போயிருந்தார். பட்டப்பகல். மணி 2.10.

சர்க்... சர்க்...

காகிதத்தில் தூரிகை ஓடும் சத்தம். ஏழாவது அலமாரிக்குப் பின்னாலிருந்து. கூடவே சாராய நெடி.

புதிதாக ஆள் போட்டிருக்கிறார்கள் போல. எழுந்து போனேன்.

முக்காலியில் ஒருத்தி முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் வெள்ளைப் பீங்கான் தட்டு. வெறுங்கையால் ஒரு தாளுக்குப் பூசிக்கொண்டிருந்தாள். மேலே ஃபேன் வேகமாகச் சுற்றியது. தாள் அசையவில்லை. அவள் தலைமுடியும் அசையவில்லை.

"யாருங்க?"

தூரிகை நிற்கவில்லை.

"கை மரத்துப் போச்சா?" என்றாள்.

"ஆமா."

"எத்தன விரல்?"

"மூணு."

"எனக்கும் மொதல்ல மூணுதான்."

திரும்பினாள்.

என்னைவிட இளையவள். சிரித்தாள்... வாயில் ஒரு பல் இல்லை. ஈறு முழுக்கக் கறுப்பு.

"இங்க நிக்காத. போயிடு."

நான் பயப்படவில்லை. இன்று அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. தலையாட்டினேன். நடந்தேன்.

மணி 2.16.

முதுகுக்குப் பின்னால்...

சர்க்... சர்க்...

படிக்கட்டில் கால் மடங்கியது. மூன்று மணிக்குத் திரும்பி வந்த அக்காதான் என்னைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடியிருக்கிறார். ரத்தத்திலும் சிறுநீரிலும் பாதரசம். "இன்னும் ரெண்டு வாரம் விட்டிருந்தா கிட்னி போயிருக்கும்" என்றார் டாக்டர். இருபத்து மூன்று நாள் படுத்திருந்தேன்.

நான் சொன்னதைக் கேட்டு, ஏழாவது அலமாரிக்குப் பின்னால் அக்கா போய்ப் பார்த்தார். முக்காலி இல்லை. தட்டு இல்லை. தரையில் ஒரு தாள் மட்டும், புதிதாகப் பூசிய ஈரத்தோடு. அந்த உப்பை அங்கே வாங்குவதை நிறுத்தி நாற்பது வருடம் ஆகிறது.

பழைய பணியாளர் பதிவேட்டில் அவள் படம் இருந்தது. பதினோரு வருடம் விஷம் பூசும் வேலை. இருபத்தொன்பது வயதில் சிறுநீரகம் செயலிழந்து மரணம். அவள் தங்கை உயிரோடு இருந்தார். போய்ப் பார்த்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"எங்கக்கா போயி பன்னண்டு வருஷம் கழிச்சு எங்கம்மா செத்தாங்க. அக்கா குழியிலயே வைக்கலாம்னு தோண்டினோம்."

என் வலது கையைப் பார்த்தபடியே மேலே சொன்னார்.

"அக்கா மொகம் அப்படியே இருந்துச்சு. ஒரு புழுகூடத் தொடல. மண்ணத் தள்ளி மூடிட்டோம். அம்மாவுக்கு வேற எடம் பாத்தோம்."