கல்லும் தண்ணீரும் சுமந்த தஹரா

ஆப்பிரிக்காவின் ஜிபூட்டி நாட்டில், அஸால் என்ற உப்பு ஏரிக்கும் கூபெத் கடலுக்கும் நடுவே கிடக்கும் கரும்பாறைப் பள்ளத்தில் தண்ணீர் சுமந்து பிழைத்தவள் தஹரா. உப்பு ஏற்றிக்கொண்டு எத்தியோப்பியப் பக்கம் போன புருஷன் திரும்பவில்லை. மிச்சம் இரண்டு ஒட்டகங்கள். 1978இல், ஜிபூட்டி நகரத்திலிருந்து இத்ரீஸ் என்ற பாறை ஆய்வாளன் வந்து அவளை வேலைக்கு அமர்த்தினான். பாறையைத் துளைக்கும் கருவி சூடேறாமலிருக்க, தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கவேண்டும்.

"தம்பி, உன் கல்லு குடிக்கிற தண்ணிக்கு எங்க ஆடெல்லாம் கொழுத்துப் போயிருக்கும். அப்படி என்னதான் சொல்லுது அது?"

"அது பொறந்தப்ப வடக்கு எங்க இருந்துச்சுன்னு சொல்லும்க்கா. இந்தப் பள்ளம் ரெண்டு பக்கமும் விலகுது. நடுவுல நெருப்புக் குழம்பு ஏறி வந்து ஓரத்துல ஒட்டிக்குது. ஆறும்போது உள்ள இருக்கிற இரும்புத் துகளெல்லாம் காந்த ஊசி மாதிரி வடக்கப் பாத்து அப்படியே இறுகிடும். கடலுக்கடியில தரை உண்டாவுறதும் இப்படித்தான்."

"நானும் வருஷக்கணக்கா நடக்கிறேன். எங்க விலகுது?"

"நகம் வளர்றதவிட மெதுவாக்கா."

நவம்பரில் ஒரு காலை, தரை அதிர ஆரம்பித்தது. அங்கே அது புதிதல்ல. ஆனால் அன்று அதிர்வு நிற்கவில்லை. இருவரும் கருவியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது பாறை இடிபோல முழங்கி, கண்ணெதிரே பிளந்தது. கல்மூட்டைகளையும் தண்ணீர்த் தோல்பைகளையும் சுமந்த சாம்பல் ஒட்டகம் அந்தப் பக்கம். அவர்களும் இன்னொரு ஒட்டகமும் பாதைக்கு ஏறும் சரிவும் இந்தப் பக்கம்.

தஹரா யோசிக்கவில்லை. தாவினாள். ஒட்டகம் நடுங்கி நின்றது. அவள் கல்மூட்டையின் முடிச்சில் கை வைத்தாள்.

"அக்கா, அத விட்டுடாத. மாசக்கணக்கா பட்ட பாடு அது."

"தண்ணிய விட்டா ரெண்டு பேரும் சாவோம். கல்ல விட்டா நீ மட்டும்தான் அழுவ."

மூட்டைகள் உருண்டு வெடிப்புக்குள் விழுந்தன. அடியில் மோதும் சத்தமே கேட்கவில்லை. அப்போதும் ஒட்டகம் தாண்ட மறுத்தது. வெடிப்பின் விளிம்பு காலடியில் உதிர்ந்தது. கந்தக நெடி தொண்டையைக் கரித்தது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு வெடிப்போரமாகவே ஓடினாள். எதிர்ப்பக்கம் இத்ரீஸும் ஓடினான்.

"இங்க வாக்கா, சரிஞ்ச பாறை அடைச்சிருக்கு."

அந்தக் குவியல் மேல் ஒட்டகத்தை இழுத்தாள். நடுவில் அதன் பின்கால் சறுக்கியது. இத்ரீஸ் இறங்கி வந்து கயிற்றை அவளோடு சேர்ந்து இழுத்தான். ஏறிவிட்டது. சரிவின் உச்சிக்குப் போய்த் திரும்பிப் பார்த்தபோது, துளை போட்ட இடத்துக்கு அப்பால் நெருப்பு வரிசையாகப் பீறிட்டுக்கொண்டிருந்தது. இத்ரீஸ் உட்கார்ந்துவிட்டான். தஹரா தோல்பையை அவன் வாயில் வைத்தாள்.

குழம்பு ஆறியபின் அவன் திரும்பி வந்தான். புதிதாக இறுகிய கல் வடக்கைக் காட்டியது. பள்ளத்தை விட்டுத் தொலைவில், பழைய மேட்டில் எடுத்த கற்கள் தெற்கைக் காட்டின.

"அந்தக் காலத்துல பூமிக் காந்தத்தோட வடக்கும் தெக்கும் மாறி இருந்துச்சுக்கா."

"நல்லவேளை, அப்ப உப்பு வியாபாரம் இல்ல. போறவனெல்லாம் வழி தப்பியிருப்பான்" என்றாள்.

அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் கல் எடுப்பவர்களுக்குத் தண்ணீர் சுமந்தாள். ஆனால் பள்ளத்தின் நடுவே மட்டும் ஒட்டகத்தை ஓட்டவில்லை. யார் அவசரப்படுத்தினாலும் மேட்டைச் சுற்றித்தான் போனாள்.