விடியற்காலை விமானம்

பதினைந்து வருஷமாகக் கத்தாரில் சாரதி வேலை பார்க்கிறேன். இலங்கையில் எங்கள் ஊர் மாத்தளையிலிருந்து வெளிநாடு போகிற ஆட்கள் டிக்கெட் போடுமுன் என்னைத்தான் கேட்பார்கள். இடையில் மாறாமல் நேரே போகிற விமானத்தை எடுங்கள், திகதி மாற்றக்கூடிய டிக்கெட்டை எடுங்கள் என்று சொல்லுவேன். எனக்கென்று வந்தபோது அந்த அறிவு உதவவில்லை.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை தங்கச்சி போன் பண்ணினாள். "நானா, உம்மாக்கு மிச்சம் ஏலாது, படுத்த படுக்கைதான். ஒங்களத்தான் கேட்டுக்கிட்டே இருக்காங்க."

டிக்கெட் போடும் கூட்டாளியிடம் உடனே பேசினேன்.

"விடியக்காலைல ஒரு சீட் இருக்கு மச்சான். பகலைக்கே வீட்டுல நிப்ப. போடவா?"

மறுநாள் வெள்ளிக்கிழமை. இத்தனை வருஷத்தில் நான் ஒரு ஜும்ஆத் தொழுகையையும் விட்டதில்லை. பள்ளியில் உம்மாவுக்காகத் துஆ கேட்டுவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன்.

"ஜும்ஆ முடிய, பின்னேரம் போறதப் போடு" என்றேன்.

"பயணம் போறவனுக்கு ஜும்ஆவ விடச் சலுகை இருக்கே. மௌலவிக்கும் மேல போகாத!" என்று அவன் சிரித்தான். எனக்கும் தெரிந்த சலுகைதான்.

ஜும்ஆவில் அழுதழுது கேட்டேன். வெளியே வந்து போனைத் திறந்தால், உம்மா மவுத்து என்று செய்தி. மையித்தை வைத்திருக்கக் கூடாதென்று அன்றைக்கே அடக்கிவிட்டார்கள். மறுநாள் நான் பார்த்தது கபுறின் ஈர மண்ணைத்தான்.

"விடியக்காலைல ப்ளேன் ஒண்ணும் இல்லியா நானா?" என்று தங்கச்சி கேட்டாள்.

"சீட் இல்ல தங்கச்சி" என்றேன்.

அவள் நம்பிவிட்டாள். ஐவேளையும் தொழுகிறேன். அந்தப் பொய்யை அவளிடம் திருத்திச் சொல்ல இன்னும் வாய் வரவில்லை.